கல்லின் காலம் கணித்தவர்: ழூவோ துப்ராய்

காஞ்சிபுரத்துக் கைலாசநாதர் கோயிலின் திருச்சுற்றில் வரிசையாய் அமைந்த சிறு சந்நிதிகளின் உட்சுவர்களில் மங்கிய வண்ணக்கோடுகள் காணப்படும். ஒருபுறம் சோமாஸ்கந்தர் வடிவின் சாயல். மறுபுறம் ஒரு முகத்தின் பாதி, ஓர் அணிகலனின் விளிம்பு. இராசசிம்ம பல்லவன் எடுப்பித்த அக்கற்றளியின் இவ்வோவியங்கள் நெடுங்காலம் சுண்ணாம்புப் பூச்சின் அடியில் மறைந்து கிடந்தன. 1931-ஆம் ஆண்டில் அவற்றை உலகுக்குக் காட்டியவர் புதுச்சேரிக் கல்லூரிப் பேராசிரியர் கபிரியேல் ழூவோ துப்ராய்.

1885-இல் பிறந்த இப்பிரெஞ்சு அறிஞர், ஆசிரியப் பணிக்கெனப் புதுவைக்கு வந்து, தென்னாட்டுக் கோயில்களுக்குத் தம் வாழ்வை ஒப்படைத்தவர். 1914-இல் அவருடைய தென்னிந்தியத் தொல்பொருளியல் நூல் பாரிசில் இரு தொகுதிகளாக வெளிவந்தது. ஒன்று கட்டடக்கலை பற்றியது. மற்றொன்று படிமக்கலை பற்றியது. கோயில் ஒன்றின் காலத்தை அறியக் கல்வெட்டையோ தலபுராணத்தையோ நாடுவதே அந்நாளைய வழக்கம். துப்ராய் கல்லையே நாடினார். தூணின் மேலமர்ந்து உத்தரத்தைத் தாங்கும் போதிகை, கபோதத்தில் அமைந்த கூடு, சுவரில் அமைந்த கோட்டம் ஆகிய உறுப்புகள் தலைமுறைதோறும் சிறுகச் சிறுக மாறி வந்திருப்பதை அவர் கண்டறிந்தார். பல்லவர் போதிகை அலைபோல் வளைந்தது. சோழர் போதிகை கோணமாய் வெட்டுண்டது. விசயநகரக் காலத்தில் அதன் நுனியில் மலர்மொட்டுத் தொங்கலாயிற்று. யாப்பையும் சொல்லாட்சியையும் கொண்டு பாட்டின் காலத்தைப் புலவர் கணிப்பதை ஒத்த முறை இது. உறுப்புகளின் பெயர்களை அவர் ஏட்டில் மட்டும் தேடவில்லை. உளி பிடித்த சிற்பியரிடமும் கேட்டறிந்தார்.

அடுத்துப் பல்லவர் வரலாறு அவரை ஈர்த்தது. பல்லவர் பற்றிய அவருடைய நூல்கள் 1916 முதல் ஒன்றன்பின் ஒன்றாய் வெளிவந்தன. காஞ்சி ஏகாம்பரநாதர் கோயில் தூணில் பொறிக்கப்பெற்றிருந்த மகேந்திரவர்மனின் விருதுப்பெயர்களைப் பற்றி 1919-இல் ஒரு சிறு நூல் எழுதினார். டி. ஏ. கோபிநாதராவும் அவரும் சித்தன்னவாசல் ஓவியங்களை அறிஞர் கவனத்துக்குக் கொணர்ந்ததும் அக்காலத்தில்தான். அவ்வோவியங்களைப் பல்லவர் காலத்தன என்று துப்ராய் கருதினார். அங்குள்ள கல்வெட்டைக் கொண்டு, அவை ஒன்பதாம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்தன எனப் பின்வந்தோர் திருத்தினர்.

கோயில்களுக்கு அப்பால் அவர் பெயர் நிலைபெற்ற இடம் புதுவைக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையிலுள்ள அரிக்கமேடு. அங்கே மண்ணிற் கிடக்கும் மணிகளைச் சிறுவர் பொறுக்கி விளையாடுவர். 1937-இல் அத்தகைய பொருள்களிடையே ஆண்முகம் செதுக்கப்பெற்ற மணிக்கல் ஒன்று துப்ராயின் கைக்கு வந்தது. அம்முகம் உரோமப் பேரரசன் அகஸ்டசினுடையது என்றும், அம்மேட்டின் அடியில் உரோமர் தொடர்புடைய நகர் ஒன்று உள்ளது என்றும் அவர் துணிந்தார். யவனர் மரக்கலங்களைச் சங்கப் பாடல்களில் மட்டுமே கண்டிருந்த தமிழர்க்கு அது பெருஞ்செய்தி.

1941 முதல் பிரெஞ்சுக்காரர் அங்குச் சிறு அளவில் அகழ்ந்தனர். பின்னர் மார்ட்டிமர் வீலர் வந்தார். பிரிட்டனில் உரோமக் கோட்டைகளை அகழ்ந்து பயின்ற அவர், 1944-இல் இந்தியத் தொல்பொருள் துறையின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். சென்னை அருங்காட்சியகத்தில் அரிக்கமேட்டு அம்போரா சாடியின் துண்டைக் கண்டதும் அதன் பொருளை உணர்ந்து, 1945-இல் அகழாய்வை நடத்தினார். இத்தாலி நாட்டு அரெட்டைன் கலவோடுகள் மண்ணடுக்குகளில் கிடைத்தன. தென்னாட்டுத் தொல்லியலுக்கு உறுதியான காலக்கணக்கு ஒன்று வாய்த்தது. துப்ராய் மறைந்ததும் அதே 1945-இல்தான். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியும் சென்னைப் பல்கலைக்கழகத்தாரும் நடத்திய ஆய்வுகள், உரோமர் வருமுன்பே அங்கு ஊர் இருந்ததையும், உரோம வணிகம் ஓய்ந்த பின்னும் மக்கள் வாழ்வு தொடர்ந்ததையும் காட்டின. மணி கோத்த தமிழ்க் கைவினைஞரின் ஊருக்கு யவனர் வாணிகம் நாடி வந்தனர் என்பதே இன்றைய தெளிவு.

இத்துணைப் புகழுக்கும் உரியவரின் வாழ்வில் காஞ்சி மறக்கவியலாத மற்றொரு பக்கமும் உண்டு. பத்தாம் நூற்றாண்டில் காஞ்சியிலோ அதன் அருகிலோ யோகினியர் கோயில் ஒன்று இருந்தது. துப்ராய் கண்டபோதே அக்கோயில் அழிந்து, சிலைகள் சிதறிக் கிடந்தன. 1920-களின் நடுவில் அவற்றைத் திரட்டிய அவர், பலவற்றைப் பாரிசிலிருந்த கலைப்பொருள் வணிகர் சி. டி. லூவின் வழியே விற்பனைக்கு அனுப்பினார். ஒரே கோயிலைச் சேர்ந்தனவாக இன்று அறியப்படும் பத்தொன்பது சிற்பங்களும் பாரிஸ், இலண்டன், வாசிங்டன், டொரண்டோ, சென்னை எனப் பல நகரங்களின் அருங்காட்சியகங்களில் பிரிந்து நிற்கின்றன. ஒரு வட்டத்தில் சேர்ந்திருக்க வேண்டிய தேவியர், ஒருவரையொருவர் காணாத கூடங்களில் தனித்தனியே அமர்ந்துள்ளனர். அவர்கள் வீற்றிருந்த கோயில் எது என்பது இன்றுவரை உறுதிப்படவில்லை.

அக்காலத்தில் அத்தகைய விற்பனை அரிதன்று. தொல்பொருள்களைத் தனியார் ஏற்றுமதி செய்வதை முற்றும் தடுத்த சட்டம் 1972-இல்தான் இயற்றப்பெற்றது. சேறும் புதரும் விழுங்கவிருந்த சிலைகள் அதனால் பிழைத்தன என்று வாதிடுவோரும் உளர். ஆயினும் துப்ராய் கற்பித்த பாடமே அவ்வாதத்துக்கு எதிர்நிற்கிறது. போதிகை தன் தூணின்மேல் இருக்கும்போதுதான் காலம் சொல்லும். மணிக்கல் தன் மேட்டோடு சேரும்போதுதான் வரலாறு ஆகும். இடம் இழந்த சிலை அழகை இழப்பதில்லை; தன் கதையில் பாதியை இழந்துவிடுகிறது.

1960-களிலும் 70-களிலும் இந்தியத் தொல்பொருள் துறையினரும் சென்னைப் பல்கலைக்கழகத்தாரும் காஞ்சியில் அகழ்ந்தபோது, பல்லவருக்கு முற்பட்ட வாழ்வின் சுவடுகள் வெளிப்பட்டன. அகழ்ந்த இடமோ சிறிது. தறியொலி கேட்கும் தெருக்களுக்கும் தேரோடும் வீதிகளுக்கும் அடியில், மக்கள் வாழும் நகரின் கீழே, பழங்காஞ்சியின் பெரும்பகுதி இன்னும் துயில்கிறது. என்றேனும் அடித்தளம் தோண்டும் மண்வெட்டியில் யோகினி கோயிலின் ஒரு கல் தட்டுப்படுமாயின், அதன் காலத்தைக் கணிக்கும் முறை ஆய்வாளரிடம் ஆயத்தமாக இருக்கும். அம்முறைக்கு வழி வகுத்தவரும் துப்ராயே.