பிளெமிங்கின் எச்சரிக்கை

பெனிசிலினைக் கண்டுபிடித்தவர் என்றே ஸர் அலெக்ஸாண்டர் பிளெமிங்கை உலகம் போற்றுகிறது. அம்மருந்து பயனற்றுப் போகக்கூடும் என்று முன்கூட்டியே எச்சரித்தவரும் அவரே என்பதைப் பலர் மறந்துவிட்டனர். மருந்துக்கு அடங்காத கிருமிகள் ஆஸ்பத்திரி நோயாளிகளிடையே பரவிவரும் இந்நாளில், அப்பெரியாரின் சரிதையை நினைவுகூர்வது நமது கடமையாகும்.

1881-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 6-ந் தேதி, ஸ்காட்லாந்தில் ஒரு குடியானவரின் புதல்வராக அவர் பிறந்தார். ஏழு வயதில் தந்தையை இழந்தார். லண்டன் சென்று, கப்பல் கம்பெனி ஒன்றில் நான்கு வருஷ காலம் குமாஸ்தாவாக உழைத்தார். உறவினர் ஒருவர் விட்டுச்சென்ற சிறு ஆஸ்தியின் உதவியால் 1901-ல் செயின்ட் மேரி ஆஸ்பத்திரியின் வைத்தியக் கல்லூரியில் சேர்ந்தார். அவரது ஆராய்ச்சிகளில் பெரும்பாலானவை அங்கேயே நடைபெற்றன.

முதல் உலக யுத்தத்தில் பிரான்ஸ் தேசத்துப் பூலோன் நகரில் காயமுற்ற போர்வீரர்களிடையே அவர் பணிபுரிந்தார். புண்களில் ஊற்றப்பட்ட கிருமிநாசினிகள் ஆழத்திலிருந்த கிருமிகளை எட்டாமல், உடலைக் காக்கும் வெள்ளை அணுக்களையே அழிப்பதை ஆராய்ந்து நிரூபித்தார். உடலுக்கு ஊறு செய்யாது கிருமியை மாத்திரம் மாய்க்கும் பொருள் ஒன்று வேண்டும் என்பது இதனால் தெளிவாயிற்று.

1928 செப்டம்பரில் விடுமுறை கழிந்து திரும்பிய பிளெமிங், ஸ்டாபிலோகாக்கஸ் கிருமிகளை வளர்த்து வைத்திருந்த கண்ணாடித் தட்டு ஒன்றில் பூஞ்சணம் படர்ந்திருக்கக் கண்டார். அதன் அருகிலிருந்த கிருமிகள் கரைந்து போயிருந்தன. கெட்டுப்போன தட்டென்று எறிந்துவிடாமல் அவர் காரணத்தை ஆராய்ந்தார். மறு வருஷம் முடிவுகளைப் பிரசுரித்தார். எனினும் பூஞ்சணத்தின் சாரத்தைச் சுத்திகரித்து மருந்தாக்க அவரால் இயலவில்லை. ஆக்ஸ்போர்டில் பிளோரி, செயின் முதலியோர் அதைச் செய்து, 1940-ல் அதன் ஆற்றலை நிலைநாட்டினர். 1945-ல் பிளெமிங், பிளோரி, செயின் மூவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

பரிசு பெற்ற அந்த வேளையிலும் பிளெமிங் வெற்றிப் பெருமிதத்தில் மூழ்கிவிடவில்லை. கிருமிகளைக் கொல்லப் போதாத அளவில் மருந்தைச் செலுத்தினால் அவை அதை எதிர்த்து நிற்கப் பழகிவிடும் என்று தமது பேருரையில் விளக்கினார். தொண்டை நோவுக்குத் தானே குறைந்த அளவில் பெனிசிலினை உட்கொண்ட ஒருவன், எதிர்ப்பு பெற்ற அக்கிருமியைத் தன் மனைவிக்கும் தொற்றவைத்து, அவள் மரணத்துக்குக் காரணமாவதாகக் கற்பனைக் கதை ஒன்றும் சொன்னார். ஒருவனது அசட்டைக்குப் பிறர் உயிர் பலியாகலாம் என்பதே அதன் சாரம்.

விபரீதம் விரைவிலேயே தலைகாட்டியது. லண்டன் ஹாமர்ஸ்மித் ஆஸ்பத்திரியில் மேரி பார்பர் என்ற பெண் நிபுணர் நோயாளிகளிடமிருந்து எடுத்த ஸ்டாபிலோகாக்கஸ் கிருமிகளைப் பரிசோதித்தார். 1946-ல் அவற்றில் நூற்றுக்குச் சுமார் 14 பெனிசிலினை எதிர்த்தன. 1948-ல் 59 எதிர்த்தன. மருந்துக்கு அடங்கியவை மடிய, அதைச் சிதைக்கும் சக்தியுடைய கிருமிகள் எஞ்சிப் பெருகி, நோயாளிக்கு நோயாளி பரவின. பிளெமிங் 1955-ல் காலமானார். அத்தகைய கிருமிகளை ஒடுக்க 1959-ல் மெதிசிலின் என்ற புது மருந்து வந்தது. அதையும் எதிர்க்கும் கிருமிகள் 1961-லேயே இங்கிலாந்தில் காணப்பட்டன.

2019-ம் வருஷத்தில் மட்டும், மருந்தை எதிர்க்கும் கிருமிகளே நேர்க் காரணமாக உலகெங்கும் சுமார் 12,70,000 பேர் மாண்டதாக விஞ்ஞானிகள் மதிப்பிட்டுள்ளனர். பழைய மருந்து தோற்கும்போதெல்லாம் புதிய மருந்து தயாராக இருக்குமென்று நம்பியிருப்பது மதியீனம். வைத்தியர் யோசனையின்றி இம்மருந்துகளை விலைக்கு வாங்கி உண்பதும், அவர் விதித்த அளவைக் குறைப்பதும் ஒழிய வேண்டும். வைத்தியர்களும் தேவையின்றி இவற்றை வழங்கலாகாது. ஒரு நோயாளியைத் தொட்ட கையைக் கழுவாமல் மற்றொருவரைத் தொடலாகாது என்ற எளிய விதியை ஆஸ்பத்திரிகள் கண்டிப்பாக அனுஷ்டிக்க வேண்டும். பிளெமிங் உலகுக்களித்த செல்வம் நம் தலைமுறைக்கு மட்டும் உரியதன்று; அதைக் கரைத்துவிட்டுச் சந்ததியாரை வெறுங்கையராக விட நமக்கு உரிமையில்லை.