டீசல் என்பது ஒருவரின் பெயர்!

குட்டீஸ், மேட்டில் ஏறும் லாரியைப் பார்த்திருப்பீர்கள். பின்னால் சைலன்ஸர் குழாயில் இருந்து குபுகுபுவெனப் புகை வரும். நாம் மூக்கைப் பொத்திக்கொள்வோம். அந்தக் குழாய் வழியே புகை மட்டுமா போகிறது? காசு கொடுத்து வாங்கிய எரிபொருளின் சூடும் சேர்ந்தே போகிறது. இப்படி வீணாகும் சூட்டைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தவர் ருடால்ஃப் டீசல். ஆமாம், பங்க்கில் போடுகிறார்களே, அந்த டீசல் இவர் பெயர்தான்!

1858 மார்ச் 18 அன்று பாரிஸ் நகரில் பிறந்தார். பெற்றோர் ஜெர்மானியர்கள். அப்பா தோல் சாமான்கள் செய்பவர். 1870இல் பிரான்ஸுக்கும் ஜெர்மனிக்கும் போர் மூண்டது. குடும்பம் ஊரைவிட்டு லண்டனுக்குப் போக நேர்ந்தது. 12 வயது ருடால்ஃபை மட்டும் ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் நகரில் இருந்த உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கேதான் இன்ஜினியர் ஆவது என்று முடிவு செய்தான் பையன்.

மியூனிக்கில் படித்தபோது, குளிர்பதன இயந்திரங்களுக்குப் பெயர்போன லிண்டே அவருக்குப் பேராசிரியர். நீராவி இன்ஜின் நிலக்கரியின் சூட்டில் பத்தில் ஒரு பங்கைக்கூடச் சரியாகப் பயன்படுத்துவதில்லை என்று வகுப்பில் கேட்டதும் டீசலுக்குத் தூக்கம் போயிற்று. மீதியெல்லாம் வீண்தானே!

சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு வேகமாக அழுத்திப் பாருங்கள். பம்ப் சுடும். காற்றை அழுத்தினால் சூடாகும். இன்னும் பலமாக அழுத்தினால் எண்ணெயே பற்றிக்கொள்ளும் அளவுக்குச் சூடு ஏறும், தீப்பொறி தேவையில்லை. அதுமட்டுமா? எரிந்த வாயு நன்றாக விரிந்து, தன் சூட்டில் நீராவி இன்ஜினைவிட அதிகப் பங்கைப் பிஸ்டனைத் தள்ளுவதில் செலவழிக்கும். புகைக்குழாய்க்கு வரும்போது மிச்சம் குறைவு. இதுதான் டீசலின் யோசனை.

1892இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். ஆக்ஸ்பர்க்கில் ஓர் இயந்திரத் தொழிற்சாலை உதவ முன்வந்தது. 1893 ஆகஸ்டில் பத்தடி உயர இன்ஜினைச் சோதித்தார்கள். டமார்! அழுத்தம் காட்டும் கருவி வெடித்துச் சிதறியது. நல்லவேளை, டீசல் தப்பினார். 1894 பிப்ரவரியில் இன்ஜின் தானாகவே ஓடியது. எவ்வளவு நேரம் தெரியுமா? ஒரே ஒரு நிமிடம்! மேலும் மூன்று ஆண்டுகள் மாற்றி மாற்றிச் செய்தார். 1897இல் ஒரு பேராசிரியர் வந்து அளந்து பார்த்தார். எரிபொருளின் சூட்டில் நூற்றுக்கு 26 பங்கு வேலையாக மாறியிருந்தது!

1900இல் பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் இன்ஜின் கடலை எண்ணெயிலேயே ஓடியது. பணம் கொட்டியது. ஆனால் வழக்குகளும் தவறான முதலீடுகளும் அதை விழுங்கின. உடம்பும் கெட்டது.

1913 செப்டம்பர் 29 அன்று இரவு பெல்ஜியத்தில் இருந்து இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். சாப்பிட்டு முடித்து, காலையில் எழுப்பச் சொல்லிவிட்டு அறைக்குப் போனார். விடிந்ததும் ஆளைக் காணோம். தொப்பியும் கோட்டும் மட்டும் மேல்தளத்தில் இருந்தன. சில நாள் கழித்து அவரது உடல் கடலில் கிடைத்தது. என்ன நடந்தது என்பது இன்றுவரை புதிர்தான்.

தன் இன்ஜின் லாரிகளில் புழக்கத்துக்கு வந்ததை அவர் பார்க்கவேயில்லை. எண்ணெயை உள்ளே பீய்ச்ச, காற்றை அழுத்தும் பெரிய கருவி ஒன்றும் கூடவே வேண்டியிருந்ததால், அதைப் பெரும்பாலும் கப்பலிலும் தொழிற்சாலையிலும்தான் வைக்க முடிந்தது. அந்தக் கருவி இல்லாத இன்ஜின் வந்த பிறகுதான், 1924 வாக்கில், ஜெர்மனியில் டீசல் லாரிகள் ஓடத் தொடங்கின.

சரி, அந்தப் புகைக்குழாய்? சிலிண்டர்களில் இருந்து தனித்தனியாக வரும் குழாய்கள் ஒன்றாகச் சேர்ந்து பின்னால் போகின்றன. குழாய் குறுகலாக இருந்தால் புகை எதிர்த்து முட்டும். அதை வெளியே தள்ளவே இன்ஜின் சக்தியைச் செலவழிக்கும். அதற்காகக் கண்டபடி பெரிய குழாய் மாட்டினால் லாபம் அவ்வளவாக இருக்காது, சத்தம்தான் கூடும்!

இன்னொரு வழியை டீசல் உயிரோடு இருந்தபோதே, 1905இல், சுவிட்சர்லாந்துக்காரரான ஆல்ஃபிரட் பூக்கி காப்புரிமையாகப் பதிந்திருந்தார். வெளியே போகும் புகை ஒரு குட்டிச் சக்கரத்தைச் சுற்றும். அதே அச்சில் மறுமுனையில் இருக்கும் சக்கரம் காற்றை இன்ஜினுக்குள் திணிக்கும். லாரியில் 'டர்போ' என்று எழுதியிருந்தால், அது இதுதான்.