மண் தட்டுக்கு ராஜாவைத் தெரியுமா?



எங்கள் ஊர் அச்சரப்பாக்கம். அச்சிறுபாக்கம் என்றும் எழுதுவார்கள். இந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு வில்லின் கதை இருக்கிறது. முப்புரங்களை எரிப்பதற்காக வில்லேந்திப் புறப்பட்டார் சிவபெருமான். அவருடைய தேரின் அச்சு இந்த இடத்தில் முறிந்ததாம். இறுதல் என்றால் முறிதல். அச்சு இற்ற ஊர் என்பதால் அச்சிறுபாக்கம் ஆயிற்று என்று பெரியவர்கள் சொல்வார்கள்.

எங்கள் செங்கல்பட்டு மாவட்டத்தில் இன்னொரு வில்லாளியும் இருக்கிறான். மாமல்லபுரம் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். பெரிய பாறையில் ஒற்றைக் காலில் நின்று ஒருவன் தவம் செய்கிறான். அவன் பகீரதன் என்று சொல்பவர்களும் உண்டு. ஆனாலும் அந்தச் சிற்பத்துக்கு 'அர்ஜுனன் தபசு' என்ற பெயரே நிலைத்துவிட்டது. மரத்தில் இருந்த பறவையின் கண்ணை மட்டும் பார்த்து அம்பு விட்ட அர்ஜுனனை உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

அர்ஜுனன் எத்தனை முறை குறி தவறினான்? கதையில் அந்தக் கணக்கு கிடையாது. ஆனால் இந்தக் காலத்து வில்லாளிக்கும் துப்பாக்கி வீரருக்கும் கணக்கு உண்டு. எத்தனை முறை சுட்டார், எத்தனை முறை பட்டது, எத்தனை முறை தவறியது என்று எல்லாமே ஒரு தாளில் பதிவாகிவிடும். அப்படிப்பட்ட தாளுக்கு முன்னால் ஐம்பது வயதைத் தாண்டியும் ஒரு மாணவனைப் போல நின்ற ஒரு மகாராஜாவைப் பற்றித்தான் இன்று சொல்லப் போகிறேன். அவர் பெயர் கர்ணி சிங்.

பாலைவனத்து இளவரசர்

ராஜஸ்தானில் தார் பாலைவனத்தின் ஓரத்தில் பிகானேர் என்று ஒரு நகரம் இருக்கிறது. முன்பு அது தனி சமஸ்தானம். அங்கே 1924-ஆம் ஆண்டு ஏப்ரல் 21-ஆம் தேதி கர்ணி சிங் பிறந்தார். அவருடைய தாத்தா மகாராஜா கங்கா சிங். 1927-இல் கால்வாய் வெட்டி, சட்லெஜ் ஆற்றுத் தண்ணீரை அந்த வறண்ட பூமிக்குக் கொண்டுவந்தவர் அவர்தான்.

அரண்மனைக்கு வரும் விருந்தாளிகளை வேட்டைக்கு அழைத்துப் போவது அந்தக் காலத்து வழக்கம். பிகானேருக்கு அருகில் கஜ்னேர் என்ற இடத்தில் ஏரியும் அரண்மனையும் உண்டு. தண்ணீர் குடிக்கக் கூட்டமாக வரும் கல்கௌதாரிகளை அங்கே சுடுவார்கள். அந்தச் சூழ்நிலையில் வளர்ந்த சிறுவனுக்குத் துப்பாக்கி புதிதாக இருக்குமா? (இன்று நம் நாட்டில் அப்படி வேட்டையாட முடியாது. 1972-இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தடுத்துவிட்டது. அதுவே நல்லது.)

கர்ணி சிங் டெல்லியிலும் பம்பாயிலும் கல்லூரியில் படித்தார். இரண்டாம் உலகப் போரின்போது ராணுவப் பணிக்காக மேற்கு ஆசியாவுக்கும் போய்வந்தார்.

ராஜ்யம் போயிற்று

1947-இல் நாடு விடுதலை பெற்றது. 1949-இல் பிகானேர் சமஸ்தானம் ராஜஸ்தானோடு இணைந்தது. அடுத்த ஆண்டு தந்தை சாதூல் சிங் இறந்துபோக, 26 வயதில் கர்ணி சிங் மகாராஜா ஆனார். ஆள்வதற்குத்தான் ராஜ்யம் இல்லை!

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பிறந்தது முதல் ராஜாவாக வேண்டும் என்று வளர்க்கப்பட்ட ஒருவர், ராஜாவானபோது கையில் நாடு இல்லை. அவர் மூலையில் உட்கார்ந்து பழம்பெருமை பேசவில்லை. 1952-இல் நடந்த முதல் பொதுத் தேர்தலில் சுயேச்சையாக நின்றார். மக்கள் ஓட்டுப் போட்டு அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். 1977 வரை, 25 ஆண்டுகள், அவர் மக்களவை உறுப்பினராக இருந்தார். இடையில் தம் குடும்ப வரலாற்றையே ஆராய்ந்து, 1964-இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டமும் பெற்றார்.

இத்தனை வேலைகளுக்கும் நடுவில் அவர் விடாமல் செய்தது துப்பாக்கி சுடும் பயிற்சி. இப்போது அவர் சுட்டது பறவைகளை அல்ல, மண் தட்டுகளை.

பறக்கும் தட்டு

இந்தப் போட்டிக்கு 'டிராப்' என்று பெயர். ஆங்கிலத்தில் பொறி என்று பொருள். ஒரு காலத்தில் உயிருள்ள புறாக்களைப் பெட்டியில் அடைத்து வைத்து, திறந்துவிட்டுச் சுட்டார்கள். 1900-இல் பாரிஸ் ஒலிம்பிக் நடந்தபோதுகூட அந்தக் கொடுமை நடந்தது. பிறகு புறாவுக்குப் பதிலாக ஒரு தட்டு வந்தது. அதற்கு இன்றைக்கும் 'களிமண் புறா' என்றுதான் பெயர். உண்மையில் அது சுண்ணாம்புத் தூளும் கீலும் கலந்து செய்த தட்டு. குறுக்களவு 11 சென்டிமீட்டர். எடை சுமார் 105 கிராம். உங்கள் உள்ளங்கையில் வைத்தால் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான்.

வீரர் துப்பாக்கியைத் தோளில் வைத்துக்கொண்டு குரல் கொடுப்பார். உடனே, அவருக்கு 15 மீட்டர் முன்னால் உள்ள பள்ளத்திலிருந்து ஓர் எந்திரம் தட்டை வீசும். அது மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் அவரை விட்டு விலகிப் பறக்கும். இடப் பக்கம் போகுமா, வலப் பக்கம் போகுமா, உயரமாகப் போகுமா, தாழ்வாகப் போகுமா? முன்கூட்டித் தெரியாது. கண் சிமிட்டும் நேரத்தில் முடிவெடுத்துச் சுட வேண்டும். தட்டு இருக்கும் இடத்தில் சுட்டால் படாது. அது போய்ச் சேரப்போகும் இடத்தில் சுட வேண்டும். ஓடுகிற தோழனுக்குப் பந்தை எறியும்போது அவனுக்குச் சற்று முன்னால் எறிவீர்கள் அல்லவா? அதே கணக்குத்தான்.

ஒரு சுற்றுக்கு 25 தட்டுகள். ஒரு தட்டுக்கு இரண்டு முறை சுடலாம். பார்க்கும்படி ஒரு துண்டாவது உடைந்து விழுந்தால் ஒரு மதிப்பெண். இல்லாவிட்டால் பூஜ்யம். அரை மதிப்பெண் கிடையாது. கருணை மதிப்பெண்ணும் கிடையாது.

இங்கேதான் கர்ணி சிங்கின் பெருமை இருக்கிறது. அரண்மனை வேட்டையில் மகாராஜாவின் குறி தவறினாலும் சுற்றி நிற்பவர்கள் பாராட்டத்தான் செய்வார்கள். தட்டு அப்படிப் பாராட்டுமா? அதற்கு மகாராஜாவும் தெரியாது, சிப்பாயும் தெரியாது. சரியாகச் சுட்டால் உடையும். தவறாகச் சுட்டால் முழுசாகப் போய்த் தரையில் விழும். அந்தத் தட்டிடம் வந்து பரீட்சை எழுத ஒரு மகாராஜா தாமாகவே முன்வந்தார்.

படிப்படியாக ஏற்றம்

1951-இல் இந்திய தேசிய ரைபிள் சங்கம் தொடங்கப்பட்டது. மக்களவையின் முதல் சபாநாயகர் ஜி.வி. மாவலங்கர்தான் அதைத் தொடங்கிவைத்து வளர்த்தவர். விருப்பமும் உழைப்பும் உள்ளவர்கள் போட்டிக்கு வந்து தங்கள் திறமையை அளந்து பார்க்க வழி பிறந்தது.

தேசியப் போட்டிகளில் கர்ணி சிங் 17 முறை வெற்றி வாகை சூடினார். 1960-இல் ரோம் ஒலிம்பிக். அப்போது அவருக்கு 36 வயது. டிராப் போட்டியில் 8-ஆம் இடம் பெற்றார். 1961-இல் மத்திய அரசு அர்ஜுனா விருதை ஏற்படுத்தியது. அந்த முதல் ஆண்டிலேயே விருது பெற்று, அதைப் பெற்ற முதல் துப்பாக்கி வீரர் என்ற பெருமையை அடைந்தார். மாமல்லபுரத்துப் பாறையில் பெயர் சொல்லப்படும் அதே அர்ஜுனன் பெயரால் அமைந்த விருது அது.

அடுத்த ஆண்டு, 1962-இல், எகிப்து நாட்டின் கெய்ரோ நகரில் உலகச் சாம்பியன் போட்டி. எல்லாச் சுற்றுகளும் முடிந்தபோது கர்ணி சிங் முதலிடத்தில் இருந்தார். ஆனால் அதே மதிப்பெண்ணோடு இன்னொருவரும் இருந்தார்! இருவரில் யாருக்குத் தங்கம்? கூடுதலாகத் தட்டுகளை வீசி இருவரையும் சுடச் சொன்னார்கள். அதில் கர்ணி சிங் பின்தங்கினார். உலகச் சாம்பியன் பட்டம் கைக்கு எட்டி நழுவியது. கிடைத்தது வெள்ளிப் பதக்கம்.

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? சிலருக்கு அதோடு மனம் விட்டுப்போகும். கர்ணி சிங் மறுபடியும் பயிற்சிக்குத்தான் போனார். 1964-இல் டோக்கியோ ஒலிம்பிக். அங்கே வெகுவாகப் பின்தங்கினார். மறுபடியும் பயிற்சி. 1968-இல் மெக்சிகோ. அங்கே 10-ஆம் இடத்துக்கு ஏறி வந்தார். 1972-இல் மியூனிக். 1974-இல் டெஹ்ரான் ஆசிய விளையாட்டுப் போட்டியில் வெள்ளிப் பதக்கம். அப்போது அவருக்கு வயது 50. கடைசியாக 1980-இல், 56 வயதில், மாஸ்கோ ஒலிம்பிக்.

ஐந்து ஒலிம்பிக் போட்டிகள். ஒன்றில்கூடப் பதக்கம் இல்லை. அப்படியானால் தோற்றவரா அவர்? அவர் காலத்தில் இந்தியாவில் நல்ல பயிற்சித் தளங்கள் மிகக் குறைவு. அந்த நிலையிலும் ஒவ்வொரு முறையும் உலகத்தின் சிறந்த வீரர்களோடு வரிசையில் நின்று, தம் மதிப்பெண்ணை எல்லோரும் பார்க்கும்படி எழுதவைத்தார். இந்த அனுபவங்களை ரோமிலிருந்து மாஸ்கோ வரை என்ற பொருள்படும் தலைப்பில் 1982-இல் ஆங்கிலப் புத்தகமாகவும் எழுதினார்.

எது நிலைத்தது?

1971-இல் நாடாளுமன்றம் அரசியல் சட்டத்தைத் திருத்தி, முன்னாள் மன்னர்களின் பட்டங்களையும் மானியத்தையும் நீக்கியது. மகாராஜா என்ற பட்டம் சட்டப்படி இல்லாமல் போயிற்று. பிறப்பால் வந்ததைச் சட்டம் எடுத்துக்கொண்டது. ஆனால் கெய்ரோவில் எழுதிய மதிப்பெண்ணை யாராலும் எடுக்க முடியவில்லை. அது அவரே சம்பாதித்தது.

1988-இல் கர்ணி சிங் காலமானார். டெல்லி துக்ளகாபாத்தில், 1982 ஆசிய விளையாட்டுக்காகக் கட்டப்பட்ட துப்பாக்கி சுடும் தளம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அவர் போட்ட பாதையில் பலர் வந்தார்கள். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் ராஜ்யவர்தன் சிங் ரத்தோர் வெள்ளி வென்றார். அவரும் ராஜஸ்தான்காரர்தான். 2008 பீஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றார். 2024 பாரிஸில் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வென்றார். அதே பாரிஸில், கர்ணி சிங் சுட்ட டிராப் போட்டியில் இந்தியாவுக்காக நின்றவர் நம் புதுக்கோட்டை அரச குடும்பத்தைச் சேர்ந்த பிருத்விராஜ் தொண்டைமான். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவனும் அந்த ஒலிம்பிக்கில் ஏர் ரைபிள் போட்டியில் கலந்துகொண்டார்.

உங்களால் முடியுமா?

அச்சரப்பாக்கத்திலிருந்து செங்கல்பட்டுக்கு ரயிலில் போனால் ஒத்திவாக்கம் என்ற நிலையம் வரும். அந்த ஊர்ப் பக்கத்தில் காவல் துறையினர் துப்பாக்கிப் பயிற்சி எடுக்கும் தளம் உண்டு. அங்கெல்லாம் நாம் நுழைய முடியாது. துப்பாக்கி விளையாட்டுப் பொருள் இல்லை என்பதை நன்றாக நினைவில் வையுங்கள். உரிமம், பயிற்சியாளர், பாதுகாப்பான இடம் மூன்றும் இருந்தால்தான் அது விளையாட்டு. பள்ளியில் என்.சி.சி. இருந்தால், முகாம்களில் அதிகாரிகள் பக்கத்தில் இருந்து ரைபிள் சுடக் கற்றுத் தருவார்கள்.

இந்த விளையாட்டில் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. மாநிலப் போட்டி, மாவலங்கர் பெயரில் நடக்கும் போட்டி, தேசியப் போட்டி என்று படிகள் உண்டு. மேலே போவதற்கு இவ்வளவு மதிப்பெண் வேண்டும் என்று முன்பே சொல்லிவிடுவார்கள். பக்கத்தில் நிற்பவரைத் தோற்கடித்தால்தான் மேலே போகலாம் என்பதில்லை. அந்த மதிப்பெண்ணை எட்டினால் போதும். இந்த ஆண்டு முடியாவிட்டால் அடுத்த ஆண்டு முயலலாம். போட்டி உனக்கும் உன் நேற்றைய மதிப்பெண்ணுக்கும்தான்.

இதைத் துப்பாக்கி இல்லாமலே நீங்கள் செய்து பார்க்கலாம். ஒரு ரப்பர் பந்து, ஒரு ஸ்டம்ப், ஒரு நோட்டு. பத்து அடி தூரத்தில் நின்று 25 முறை எறியுங்கள். எத்தனை பட்டது என்று தேதி போட்டு எழுதுங்கள். 10 பட்டால் முதல் படி. 15 பட்டால் இரண்டாம் படி. 20 பட்டால் மூன்றாம் படி. அதை எட்டியதும் இன்னும் ஐந்தடி தள்ளி நின்று முதலிலிருந்து தொடங்குங்கள். பொய் எழுதக் கூடாது. அது ஒன்றுதான் விதி. எறிவதற்குப் பதிலாக வாய்ப்பாடு, கையெழுத்து, நீச்சல் என்று எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம்.

முதல் நாள் 4 என்று எழுத வேண்டியிருந்தால் வெட்கப்படாமல் எழுதுங்கள். குறி தவறிய கணக்கையும் எழுதவைத்த மகாராஜா ஒருவர் நம் நாட்டில் இருந்தார் என்பது இப்போது உங்களுக்குத் தெரியும்தானே!