மழலையர் தோட்டம் கண்ட ஃப்ரோபெல்

1849-ஆம் ஆண்டின் கோடைத் தொடக்கம். ஜெர்மனியின் பாட் லீபன்ஸ்டைன் என்னும் சிற்றூருக்கு, அங்குள்ள நீரூற்றுகளில் நீராடி உடல்நலம் பெற வந்திருந்த செல்வர்கள் ஒரு காட்சியைக் கண்டு நகைத்தனர். நரைத்த நீண்ட முடியுடன், அறுபத்தேழு வயதான மெலிந்த முதியவர் ஒருவர், கிராமத்து ஏழைப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு குன்றின்மீது ஏறிக்கொண்டிருந்தார். அவர்களோடு பாடினார், குதித்தார், கைகோத்து வட்டமாகச் சுழன்று ஆடினார். கிழட்டுப் பைத்தியம் என்றே ஊரார் அவரை அழைத்தனர்.

அக்காட்சியைக் கண்டவர்களுள் பெர்த்தா ஃபான் மாரன்ஹோல்ட்ஸ் பியூலோ என்ற பிரபுகுலப் பெண்மணி மட்டும் நகைக்கவில்லை. அம்முதியவரை நாடிச் சென்று பேசினார். அச்சந்திப்புக்குப் பின் அவரது எஞ்சிய வாழ்நாள் முழுவதும் அந்த முதியவரின் பணிக்கே உரியதாயிற்று. அம்முதியவர்தான் பிரெடரிக் ஃப்ரோபெல். மழலையர் பள்ளி என்று இன்று நாம் அழைக்கும் அமைப்புக்கு வித்திட்டவர் அவரே.

1782 ஏப்ரல் 21-ஆம் நாள், துரிங்கியா மலைக்காட்டுப் பகுதியிலுள்ள ஓபர்வைஸ்பாக் என்ற ஊரில் ஃப்ரோபெல் பிறந்தார். தந்தை லுத்தரன் சபையின் போதகர். ஒன்பது மாதக் குழந்தையாக இருந்தபோதே அவர் தாயை இழந்தார். சிற்றன்னை வந்த புதிதில் அன்பு காட்டினாள். அவளுக்கென ஒரு மகன் பிறந்ததும் நிலைமை மாறிற்று. உரிமையோடு நீ என்று அழைத்துவந்தவள், அயலானைக் குறிப்பதுபோல் படர்க்கையில் பேசத் தொடங்கினாள். அந்தச் சிறு சொல்மாற்றம் குழந்தை நெஞ்சில் ஏற்படுத்திய காயத்தை, நாற்பது வயதைக் கடந்த பின்னரும் ஃப்ரோபெல் தம் வாழ்க்கைக் குறிப்பில் நினைவுகூர்ந்துள்ளார்.

தந்தைக்கோ திருச்சபைப் பணிகளால் ஓய்வில்லை. மகன் மந்தபுத்தி உடையவன் என்று அவர் முடிவுகட்டினார். சிறுவனைப் பெண்பிள்ளைகளின் பள்ளியில் சேர்த்தனர். அங்குச் சிறுமியர் பாடிய பக்திப் பாடல்களில் இரண்டு அவருடைய உள்ளத்தில் ஆழப் பதிந்தன. புறக்கணிக்கப்பட்ட அக்குழந்தைக்கு இசையும், வீட்டுத் தோட்டமும், மலையும் மரமுமே துணையாயின. தாயற்ற ஒரு பிள்ளைதான் பின்னாளில் தாய்மார்களுக்கான பாடல் நூலை உலகுக்கு அளித்தான் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

இளமை அவரை எங்கெங்கோ அலைக்கழித்தது. காட்டிலாகாப் பணி கற்றார். ஜெனா பல்கலைக்கழகத்தில் படித்தபோது, உடன்பிறந்தவனுக்குக் கைப்பொருளைக் கொடுத்துவிட்டுத் தாம் கடனாளியாகி, ஒன்பது வாரங்கள் பல்கலைக்கழகச் சிறையில் இருந்தார். கட்டடக்கலை பயில எண்ணி 1805-இல் பிராங்க்பர்ட் சென்றவர், தற்செயலாக ஒரு பள்ளியில் ஆசிரியரானார். மாணவர்முன் நின்ற அன்றே தாம் தேடிய இடம் இதுவே என்று உணர்ந்தார். ஸ்விட்சர்லாந்தின் இவர்டோன் நகரில் புகழ்பெற்ற கல்வியாளர் பெஸ்டலோசியிடம் 1808 முதல் 1810 வரை தங்கிக் கற்றார். பின்னர் பெர்லினில் வைஸ் என்ற அறிஞரிடம் படிகங்களின் அமைப்பை ஆராய்ந்தார். உயிரற்றது எனப்படும் கல்லினுள்ளும் ஓர் ஒழுங்கு உள்ளிருந்து வெளிப்பட்டு வடிவம் கொள்வதைக் கண்டார். மனித வளர்ச்சியும் இத்தகையதே என்ற எண்ணம் அவருள் வேரூன்றியது. எல்லாப் பொருள்களிலும் ஒரே தெய்வநியதி உறைகிறது, அகத்தே இருப்பதைப் புறத்தே வெளிப்படுத்துவதே உயிரின் இயல்பு என்ற அவருடைய தத்துவம் நம் நாட்டு வாசகருக்கு அந்நியமாகத் தோன்றாது.

1816-இல் தம் அண்ணன் தம்பியர் பிள்ளைகள் ஐவருடன் ஒரு பள்ளியைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு அது கைல்ஹவ் என்ற சிற்றூருக்கு மாறியது. 1826-இல் மனிதக் கல்வியைப் பற்றிய அவருடைய பெருநூல் வெளிவந்தது. பாட்டையும் ஓவியத்தையும் பள்ளிக்கூடங்கள் ஓய்வுநேரப் பொழுதுபோக்காகக் கருதிய காலம் அது. அவை ஒவ்வொரு குழந்தைக்கும் உரிய அடிப்படைக் கல்வி என்று ஃப்ரோபெல் அந்நூலில் வாதிட்டார். ஒவ்வொருவரையும் கலைஞராக்குவது அவர் நோக்கமன்று. மனிதனின் இயல்பு முழுமையாக மலர்வதற்கும், பிறர் படைத்த கலையை உணர்ந்து போற்றுவதற்கும் அவை இன்றியமையாதவை என்பதே அவரது கொள்கை. தாய் குழந்தையைக் கையிலேந்தித் தாளத்தோடு அசைக்கிறாள் அல்லவா? அந்தத் தாளத்தை நாம் மிக விரைவில் கைவிட்டுவிடுகிறோம் என்று வருந்தினார் அவர். அது தொடர்ந்திருந்தால் வாழ்க்கையில் நிதானமும் அளவறிதலும் தாமாகவே அமையும் என்று கருதினார்.

1837-இல் பாட் பிளாங்கன்பர்க் நகரில் குழந்தைகளுக்கான விளையாட்டுப் பொருள்களை உருவாக்கத் தொடங்கினார். அவற்றைக் கொடைகள் என்று பெயரிட்டார். முதற்கொடை, ஆறு வண்ணங்களில் அமைந்த ஆறு கம்பளிப் பந்துகள். நூலில் கட்டிய பந்தைத் தாய் மேலும் கீழும், இங்கும் அங்கும் ஆட்டுவாள்; அசைவுக்கேற்பப் பாடுவாள். கண், செவி, கை மூன்றும் ஒருங்கே விழித்தெழும். அடுத்தது கோளம், உருளை, கனசதுரம் ஆகிய மரவடிவங்கள். பின்பு சிறுசிறு கட்டைகளாகப் பிரியும் கனசதுரங்கள். அவற்றைக் கொண்டு குழந்தை நாற்காலியையோ வீட்டையோ அமைக்கலாம், எண்ணிக் கணக்கிடலாம், கோலம்போன்ற அழகிய வடிவங்களாகவும் அடுக்கலாம். காகிதம் மடித்தல், காகிதப் பின்னல், களிமண் வேலை, கட்டமிட்ட பலகையில் படம் வரைதல் ஆகியன இவற்றைத் தொடர்ந்தன. பிற்காலத்து ஆசிரியர் சிலர், இக்கட்டைகளை இன்ன வரிசையில்தான் எடுக்கவேண்டும், இப்படித்தான் அடுக்கவேண்டும் என்று படைப்பயிற்சிபோல் ஆக்கிவிட்டனர். ஃப்ரோபெலின் நுணுக்கமான விதிகளும் அதற்கு இடம்கொடுத்தன என்பதை மறைப்பதற்கில்லை.

1839-இல் மனைவி வில்ஹெல்மினா காலமானார். துயரம் ஆறுமுன்னரே, 1840 ஜூன் 28 அன்று, தம் அமைப்பைக் கிண்டர்கார்டன், அதாவது குழந்தைகளின் தோட்டம், என்ற பெயரில் ஃப்ரோபெல் நாட்டுக்கு அறிவித்தார். நடந்து செல்லும் வழியில் அவர் உள்ளத்தில் உதித்த பெயர் அது. ஜெர்மானியப் பெண்கள் பங்குகள் வாங்கி இப்பணியைத் தாங்குவார்கள் என்று நம்பினார். போதிய பணம் சேரவில்லை. 1844-இல் பிளாங்கன்பர்க் நிலையத்தை மூடவேண்டியதாயிற்று.

அதே ஆண்டில்தான் தாய்மார்க்கான பாடல் நூல் வெளிவந்தது. ராபர்ட் கோல் இசையமைத்தார். ஃப்ரீட்ரிஷ் உங்கர் படம் வரைந்தார். தச்சர், ரொட்டி சுடுபவர், கரி மூட்டம் போடுபவர், புறாக்கூடு, காற்றுத்திசை காட்டும் சேவல் என்று குழந்தையைச் சூழ்ந்த உலகம் முழுவதும் அதில் விரல் விளையாட்டாகவும் பாட்டாகவும் படமாகவும் அமைந்தது. கவிதை என்ற அளவில் அப்பாடல்கள் கரடுமுரடானவை. மெட்டுகளும் எளியவை அல்ல என்ற குறை அன்றே எழுந்தது. ஆயினும், மடியிலிருக்கும் குழந்தைக்குக் கலையே முதல் ஆசான் என்பதை இத்துணை விரிவாக அதற்குமுன் எவரும் செய்துகாட்டியதில்லை.

பேரிடி இறுதிக் காலத்தில் விழுந்தது. 1851 ஆகஸ்ட் 7-ஆம் நாள், பிரஷ்ய அரசு தன் ஆட்சிப் பகுதியில் கிண்டர்கார்டன்களைத் தடைசெய்தது. அவை நாத்திகத்தையும் சமதர்மத்தையும் பரப்புகின்றன என்பது குற்றச்சாட்டு. 1848-ஆம் ஆண்டுப் புரட்சிக்குப்பின் அரசுக்கு எதிலும் ஐயம். ஃப்ரோபெலின் தம்பி முறையோ மகன் முறையோ என்று ஆராயாமலே, கார்ல் ஃப்ரோபெல் என்ற அவருடைய அண்ணன் மகன் எழுதிய சிறுநூலின் கருத்துகளை அரசு இவர்மீது ஏற்றிவிட்டது. குழந்தையின் பாட்டில் இறைவனின் நியதியைக் கண்டவர்மீது நாத்திகப் பழி! அவர் விளக்கம் எழுதினார், மன்னருக்கு விண்ணப்பித்தார். அரசு அசையவில்லை.

ஆயினும் பணி நிற்கவில்லை. அவ்வாண்டு கோடையில் தம் மாணவி லூயிஸ் லெவினை மணந்திருந்த ஃப்ரோபெல், மரியந்தால் மாளிகையில் இளம்பெண்களுக்குப் பயிற்சி அளித்துவந்தார். 1852 ஏப்ரலில் அவருடைய எழுபதாம் பிறந்தநாள் அங்குப் பாட்டோடு விடிந்தது. இரண்டே மாதங்களில், ஜூன் 21 அன்று, அவர் மறைந்தார்.

அவர் பயிற்றுவித்த பெண்கள் அவரது முறையை நாடுதோறும் எடுத்துச் சென்றனர். இங்கிலாந்தில் அது வேரூன்றியபின், அயர்லாந்தில் பிறந்த மார்கரெட் நோபிள் என்ற ஆசிரியை அதைப் பயின்று, விம்பிள்டனில் பள்ளி நடத்தினார். அவரே சகோதரி நிவேதிதையாக இந்தியா வந்து, 1898 நவம்பரில் கல்கத்தாவின் பாக்பஜாரில் சிறுமியர் பள்ளியைத் தொடங்கினார். ஓவியமும் களிமண் வேலையும் தையலும் அங்குப் பாடங்களாயின.

ஃப்ரோபெலை ஷ்வைனா என்ற சிற்றூரில் அடக்கம் செய்தனர். அவருடைய நண்பர் மிடென்டோர்ஃப் கருத்துப்படி, கல்லறையின்மேல் கனசதுரமும் அதன்மேல் உருளையும் அதன்மேல் கோளமும் கல்லில் செதுக்கி நிறுத்தப்பட்டன. பிரஷ்யாவில் தடை நீங்கியது 1860-இல்தான்.