பூமி சுழல்கிறது என்று எழுதிய 23 வயது இளைஞர்

சூரியன் கிழக்கே எழுந்து மேற்கே மறைகிறது. பார்த்தால் வானம்தான் நம்மைச் சுற்றுவதுபோல் தெரிகிறது. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் கிரேக்கத் தத்துவஞானி ஹெராக்ளிடிஸ் இதைச் சந்தேகித்தார். பூமியே தன்னைத்தானே சுற்றுகிறது என்றார். அவர் கருத்து எடுபடவில்லை. பல நூற்றாண்டுகள் கழித்து, இந்தியாவில் அதே கருத்தைத் துணிந்து எழுதியவர் ஆரியபட்டர்.

ஆரியபட்டர் பிறந்தது கி.பி. 476இல். அவர் வாழ்ந்த குசுமபுரம் இன்றைய பாட்னா எனக் கருதப்படுகிறது. 23 வயதில், 499ஆம் ஆண்டில், 121 செய்யுள்கள் கொண்ட ‘ஆரியபட்டீயம்’ நூலை இயற்றினார். ஓடும் படகில் இருப்பவருக்குக் கரையில் நிற்பவை பின்னோக்கி நகர்வதுபோல் தோன்றும். நட்சத்திரங்கள் மேற்கே நகர்வதும் அப்படிப்பட்ட தோற்றமே என்று அவர் விளக்கினார்.

தொலைநோக்கி இல்லாத அக்காலத்தில் அவர் தந்த எண்களின்படி, பூமி ஒருமுறை சுழல 23 மணி 56 நிமிடம் 4.1 விநாடி ஆகிறது. இன்றைய அளவும் ஏறக்குறைய அதுவே. கிரகணத்துக்குக் காரணம் ராகு கேது அல்ல, நிழலே என்றும் அவர் எழுதினார்.

எதிர்ப்பு பெரிய அறிஞர்களிடமிருந்தே வந்தது. பூமி சுழன்றால் பறவைகள் எப்படிக் கூடு திரும்பும் என்று வராகமிகிரர் கேட்டார். உயரமான பொருள்கள் ஏன் விழவில்லை என்று 628இல் பிரம்மகுப்தர் கேட்டார். ஆரியபட்டரின் நூலுக்கு உரை எழுதியவர்களில் சிலரும் அந்தச் செய்யுளுக்கு வேறு பொருள் கூறினர்.

அவை நியாயமான கேள்விகள். தெளிவான விடை 17ஆம் நூற்றாண்டில் கலிலியோவிடமிருந்து வந்தது. கேஎல் சென்ட்ரலிலிருந்து கிள்ளானுக்குச் சீராக ஓடும் கொமுட்டர் ரயிலில் ஒரு நாணயத்தை மேலே எறியுங்கள். அது உங்கள் கையிலேயே விழும். ரயிலின் வேகம் நாணயத்துக்கும் உண்டு. அதுபோல் பூமியின் வேகம் காற்றுக்கும் பறவைக்கும் உண்டு.

ஆரியபட்டர் எல்லாவற்றிலும் சரியாக இருந்தவர் அல்லர். பூமியே அண்டத்தின் மையம் என்றுதான் அவரும் நம்பினார். ஆனாலும் கண் காட்டியதை அப்படியே ஏற்காமல், கணக்கிட்டுப் பார்த்தார். 1975 ஏப்ரல் 19இல் விண்ணில் ஏவப்பட்ட இந்தியாவின் முதல் செயற்கைக்கோள் அவர் பெயரைத் தாங்கியது.

மாணவர்களே, நிலநடுக்கோட்டுக்கு அருகிலுள்ள நம் மலேசியா மணிக்குச் சுமார் 1,670 கிலோமீட்டர் வேகத்தில் சுழன்றுகொண்டிருக்கிறது. வகுப்பறை நாற்காலியில் அசையாமல் அமர்ந்திருப்பதாக நினைக்கும் நீங்களும் அந்தப் பயணத்தில்தான் இருக்கிறீர்கள்.