கோடை விடுமுறையில் உருவான ஆராய்ச்சியாளர்: அறிஞர் டு பாய்ஸ்

ஒரு சமுதாயத்தின் நிலையைப் பிறர் எழுத, அதை நாம் படிப்பது ஒன்று. நாமே நேரில் கண்டறிந்து எழுதுவது வேறொன்று. இவ்விரண்டாம் வழியைத் தம் மக்களுக்குத் திறந்துவிட்டவர் அமெரிக்கக் கறுப்பினத்தின் பேரறிஞர் வில்லியம் எட்வர்ட் பர்கார்ட் டு பாய்ஸ் ஆவார். அப்பணிக்கு அவர் பெற்ற முதற்பயிற்சி கல்லூரி மாணவராக இருந்தபோது, கோடை விடுமுறையிலேயே வாய்த்தது என்பதை நம் இளைஞர்கள் அறிதல் நலம்.

அமெரிக்காவில் அடிமைமுறை 1865ஆம் ஆண்டில் ஒழிக்கப்பட்டது. மூன்றாண்டுகளுக்குப்பின், 1868 பிப்ரவரி 23ஆம் நாள், வடபகுதியான மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கிரேட் பாரிங்டன் என்னும் சிற்றூரில் டு பாய்ஸ் பிறந்தார். தந்தை குழந்தைப் பருவத்திலேயே பிரிந்துசென்றார். தாய் வறுமையில் வளர்த்தார். ஊராரின் பொருளுதவியால் 1885இல் தென்பகுதியின் நாஷ்வில் நகரத்து ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

வடக்கே பிறந்த அவ்விளைஞர் தெற்கின் சிற்றூர் வாழ்வை அறியாதவர். எனவே, கோடை விடுமுறையில் டென்னசி மாநிலத்துக் குக்கிராமம் ஒன்றில் கறுப்பினக் குழந்தைகளுக்கு ஆசிரியராகப் பணியாற்றினார். மக்காச்சோளம் சேமித்துவைத்த மரக்குடிசையே பள்ளிக்கூடம். ஆசிரியர் அமரும் நாற்காலியோ இரவல். நாள்தோறும் மாலையில் அதை உரியவரிடம் திருப்பித்தர வேண்டும். வேலை கேட்டுப் பள்ளி அதிகாரியின் இல்லம் சென்ற நாளில், அங்கு வந்திருந்த வெள்ளை ஆசிரியரோடு அவரையும் உணவுக்கு அழைத்தனர். ஆயினும் வெள்ளையர் முதலில் உண்டனர். அதன்பின் டு பாய்ஸ் தனியே உண்டார். அத்தகைய பந்தியின் கசப்பை நமக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை.

பிள்ளைகள் பள்ளிக்கு வராதபோது அவர் அவர்களைக் குறைகூறி வாளாவிருக்கவில்லை. வீடுதோறும் நடந்துசென்று காரணம் கேட்டார். வயல்வேலை, கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு, படிப்பால் என்ன பயன் என்னும் முதியோரின் ஐயம் ஆகியவற்றை நேரில் கண்டார். அக்குடும்பங்களோடு உண்டு, அவர்தம் வீடுகளில் தங்கினார். பத்தாண்டுகள் கழித்து அவ்வூருக்கு மீண்டும் சென்றார். எவர் நிலம் வாங்கினார், எவர் கடனில் மூழ்கினார், எவர் மறைந்தார் எனக் கேட்டறிந்தார். படிக்க வேண்டும் என ஏங்கிய ஜோசி என்னும் பெண் உழைத்து உழைத்தே மாண்டிருந்தாள். இவ்வரலாற்றை 1903இல் வெளியான தம் புகழ்பெற்ற நூலில் அவர் பதிவு செய்தார். இல்லையேல் ஜோசியின் பெயரை உலகம் அறிந்திராது.

பின்னர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பயின்று, 1895இல் அங்கு முனைவர் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் ஆனார். 1896இல் பிலடெல்பியா நகரத்துக் கறுப்பின மக்களை ஆராயும் பணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. நகரின் சீர்கேட்டுக்கு அம்மக்களே காரணம் என்பது வெள்ளையர் பலருடைய எண்ணம். டு பாய்ஸ் ஏழாம் வட்டாரத்திலேயே குடியேறி, ஏறத்தாழ 2,500 குடும்பங்களை வீடுவீடாகச் சென்று விசாரித்தார். அடிமைமுறையின் எச்சமும், வேலை மறுப்பும், நிறவெறியுமே துன்பத்தின் வேர்கள் என 1899இல் வெளிவந்த நூலில் நிறுவினார். வசைமொழிக்கு அவர் வசையால் விடை தரவில்லை. கணக்கால் விடை தந்தார்.

1897 முதல் 1910 வரை அட்லாண்டா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தபோது, தாம் பெற்ற பயிற்சியைத் தம் மாணவர்க்கும் அளித்தார். மாணவர்கள் தாம் வாழ்ந்த ஊர்களைப் பற்றி எழுதிய குறிப்புகள் தொகுக்கப்பெற்று, 1899இல் அரசின் தொழிலாளர் துறை வெளியீட்டில் அச்சேறின. 1900ஆம் ஆண்டு பாரிஸ் உலகப் பொருட்காட்சிக்கென மக்கள்தொகை, நிலவுடைமை, தொழில், எழுத்தறிவு ஆகியவற்றைக் காட்டும் 60க்கும் மேற்பட்ட வண்ணப்படங்களை அவரும் மாணவர்களும் கையாலேயே வரைந்தனர். அக்கண்காட்சிப் பணிக்காக டு பாய்ஸுக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. அடிமைகளின் பெயரர்கள் தம் இனத்தின் கணக்கைத் தாமே எழுதி உலகின்முன் வைத்த நிகழ்ச்சி அது.

ஆயினும் ஆராய்ச்சி மட்டும் போதாது என்பதையும் காலம் அவருக்கு உணர்த்தியது. 1899இல் அட்லாண்டாவுக்கு அருகில் சாம் ஹோஸ் என்னும் கறுப்பினத் தொழிலாளி வெறிக்கும்பலால் கொடூரமாகக் கொல்லப்பட்டார். அந்நிகழ்ச்சி டு பாய்ஸை உலுக்கியது. அறிவோடு போராட்டமும் இணைதல் வேண்டும் எனத் தெளிந்தார். 1909இல் தோன்றிய கறுப்பின மக்கள் முன்னேற்றத் தேசியச் சங்கத்தின் நிறுவனர்களுள் ஒருவரானார். அதன் இதழான 'கிரைசிஸ்' என்பதை 1910 முதல் 1934 வரை நடத்தினார்.

1946இல் அண்ணல் அம்பேத்கர் அவருக்குக் கடிதம் எழுதி, ஐக்கிய நாடுகள் அவைக்குக் கறுப்பின மக்கள் அளித்த முறையீட்டின் படிகளைக் கேட்டார். இந்தியத் தீண்டப்படாதோர் மீது தமக்குள்ள பரிவைத் தெரிவித்து டு பாய்ஸ் விடை எழுதினார். கடலுக்கு இருபுறமும் ஒடுக்கப்பட்டோரின் இரு பேரறிஞர்கள் ஒருவரையொருவர் அறிந்திருந்தனர் என்பது நமக்குப் பெருமை தரும் செய்தியாகும். 1963 ஆகஸ்டு 27ஆம் நாள், கானா நாட்டின் அக்ரா நகரில், தம் 95ஆம் வயதில் டு பாய்ஸ் மறைந்தார்.

இளைஞர்களே! கல்லூரியில் வரலாறும் பொருளியலும் தமிழும் பயிலும் உங்களுக்கும் ஆண்டுதோறும் கோடை விடுமுறை வருகிறது. நம் தெருவில் முதன்முதல் பள்ளி சென்றவர் யார்? எத்தனை குடும்பங்களுக்கு நிலம் இருந்தது, அது எவ்வாறு கைமாறியது? படிப்பை இடையில் நிறுத்திய பெண்கள் எத்தனை பேர், ஏன்? இவற்றுக்கு விடை கூறவல்ல முதியோர் ஒவ்வொருவராக மறைந்து வருகின்றனர். ஒரு குறிப்பேடும் எழுதுகோலும் போதும். வீடுவீடாகச் சென்று கேளுங்கள். கேட்டதைக் கேட்டவாறே, ஆண்டோடும் பெயரோடும் எழுதிவையுங்கள். நம்மைப் பற்றிய உண்மையை நாம் எழுதாவிடில், நம்மைப் பற்றிய பொய்யைப் பிறர் எழுதுவர். இதுவே டு பாய்ஸின் வாழ்க்கை நமக்குக் கற்பிக்கும் பாடம்.