குன்னூரில் தராசு ஏந்திய மருத்துவர்

நேற்று என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால் எவரும் பதில் சொல்லிவிடுவர். எவ்வளவு சாப்பிட்டாய் என்று கேட்டால் பலரும் விழிப்பர். ஆனால் மக்களின் உணவில் சத்து போதுமா என்று அறிய, அந்த அளவுதான் இன்றியமையாதது. அதை நம் நீலகிரி மண்ணிலிருந்து கணக்கிட்டுக் காட்டியவர் டாக்டர் வாலஸ் ஏக்ராய்டு.

அன்னார் 1899 ஆம் ஆண்டு அயர்லாந்தின் டப்ளின் நகரில் பிறந்தார். அங்கேயே மருத்துவம் பயின்றார். பின்னர் நியூபவுண்ட்லாந்து தீவு மக்களை வாட்டிய பெரிபெரி நோயை ஆராய்ந்து, சத்து நீக்கிய வெள்ளை மாவையே பெரிதும் நம்பிய உணவே அதற்குக் காரணம் என்று 1930 இல் விளக்கினார். அதன்பின் சர்வதேச சங்கத்தின் சுகாதாரப் பிரிவில் பணியாற்றினார்.

குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் 1918 இல் ஓர் அறையில் சர் ராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய ஆராய்ச்சி, பின்னர் உணவுச் சத்து ஆராய்ச்சிக்கூடமாக வளர்ந்தது. மெக்காரிசன் இந்தியாவின் பல பகுதி உணவுகளை எலிகளுக்குக் கொடுத்து அவற்றின் வளர்ச்சியை ஒப்பிட்டார். 1935 இல் அவருக்குப் பின் இயக்குநரானவர் ஏக்ராய்டு. கூண்டில் இருக்கும் எலியின் தீனியை எளிதில் நிறுக்கலாம். குடிசையில் வாழும் மனிதனின் உணவை எப்படி அளப்பது?

வாய்மொழியை மட்டும் நம்பினால் கணக்குத் தவறும். ஒரு வீட்டின் கைப்பிடி மற்றொரு வீட்டின் கைப்பிடி ஆகாது. இடையில் கொறித்தது மறந்துபோகும். வறுமையைச் சொல்லக் கூசுவோரும் உண்டு. ஆகவே ஏக்ராய்டின் ஆய்வாளர்கள் தென்னிந்தியக் கிராமங்களில் வீடுவீடாகச் சென்று, உலையில் இடுவதற்கு முன்பே அரிசியையும் பருப்பையும் காய்கறியையும் நிறுத்து எழுதினர். நிறுத்ததைச் சத்தாக மாற்றிக் கணக்கிட, இந்திய உணவுப் பொருள்களின் சத்து அட்டவணை ஒன்றை 1937 இல் அவர் வெளியிட்டார்.

கணக்குப் பல உண்மைகளைக் காட்டியது. சோறு மிகுதி, பாலும் கீரையும் மிகக் குறைவு. விடுதிப் பிள்ளைகளுக்குக் கொழுப்பு நீக்கிய பால் கொடுத்துப் பார்த்தபோது, அவர்கள் உயரத்திலும் எடையிலும் நன்கு வளர்ந்தனர். தீட்டிய பச்சரிசியைவிடப் புழுங்கலரிசியில் பி1 உயிர்ச்சத்து அதிகம் தங்குவதையும் அவரது குழுவினர் எடுத்துரைத்தனர்.

எனினும் தராசுக்கும் எல்லை உண்டு. நம் தெப்பக்காடு யானை முகாமில் ராகியும் கொள்ளும் வெல்லமும் ஒவ்வொரு யானைக்கும் அளந்தே கொடுக்கப்படுகின்றன. ஆனால் காட்டில் அது மேய்ந்ததை யார் நிறுத்தார்? அதுபோல, வீட்டில் தராசு பானையைத்தான் நிறுத்தது; பானையிலிருந்து யார் தட்டில் எவ்வளவு விழுந்தது என்பதை அது அறியாது. எல்லோரும் உண்டபின் மிஞ்சியதை உண்ணும் தாயின் பங்கு அக்கணக்கில் தனியே தெரிவதில்லை.

ஏக்ராய்டு 1944-45 இல் வங்கப் பஞ்ச விசாரணைக் குழுவில் உறுப்பினராக இருந்தார். 1946 முதல் 1960 வரை ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனத்தில் சத்துணவுப் பிரிவின் தலைவராக விளங்கி, 1979 இல் மறைந்தார். குன்னூர் ஆராய்ச்சிக்கூடம் 1958 இல் ஐதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய உணவுச் சத்து நிறுவனமாகத் திகழ்கிறது.

அவர் எதிர்கொண்ட கேள்வி இன்னும் தீரவில்லை. ஆயிரக்கணக்கானோரின் உணவை நிறுக்க இயலாததால் இன்று வினாத்தாள்களே பெரிதும் பயன்படுகின்றன. சென்னை ஆய்வாளர்கள் இருநூறுக்கும் மேற்பட்ட உணவுகள் கொண்ட வினாத்தாள் ஒன்றைத் தயாரித்து, ஒருவரிடமே பலமுறை முந்தைய நாள் உணவைக் கேட்டறிந்து, இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று சோதித்து 2006 இல் வெளியிட்டனர். கேள்வியையே சோதிக்கும் இந்த நேர்மைதான் அறிவியல்.

தோழியரே, நம் வீட்டிலும் ஒருநாள் உண்ட கணக்கை எழுதிப் பார்ப்போம். முதலில் அம்மாவின் தட்டிலிருந்து தொடங்குவோம்.